சின்ன எழுத்து குறி போடும், பெரிய எழுத்து கோப்பில் கை வைக்கும்

ஈமேக்ஸ் எடிட்டருக்குள்ளேயே கோப்புகளைக் கையாள டைரெட் என்றொரு வசதி உண்டு. டைரக்டரி எடிட்டர் என்பதன் சுருக்கம். கண்ட்ரோல்-எக்ஸ் அடித்து, கண்ட்ரோலை விட்டுவிட்டு டி அடித்தால் எந்த ஃபோல்டர் என்று கேட்கும். என்டர் தட்டினால் பட்டியல் விரியும். மவுஸைத் தொடாமலே நகல் எடுக்கலாம், இடம் மாற்றலாம், பெயர் மாற்றலாம். அதே வேகத்தில் வேண்டிய கோப்பையும் தவறி அழித்துவிடலாம் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சின்ன எழுத்துகள் பெரும்பாலும் பட்டியலோடு நின்றுவிடும். ஷிஃப்டோடு அடிக்கும் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் டிஸ்க்கில் உள்ள கோப்பையே தொடும். சின்ன எம் நட்சத்திரக் குறி போடும், சின்ன டி அழிப்புக் குறி போடும், சின்ன யூ குறியை எடுக்கும். பெரிய சி நகலெடுக்கும், பெரிய ஆர் பெயர் மாற்றும் அல்லது நகர்த்தும், பெரிய டி அழிக்கும். முக்கிய விதிவிலக்கு சின்ன எக்ஸ். அழிப்புக் குறி போட்ட அத்தனையையும் அது அழிக்கும்.

குழப்பம் வருவது இந்த இரண்டு குறிகளுக்கும் இடையில். நட்சத்திரம் போட்டுவிட்டு எக்ஸ் அடித்தால் ஒன்றும் நடக்காது. ஏன் என்று புரியாமல் அடுத்து பெரிய டி அடிப்பார்கள். அது நட்சத்திரம் போட்ட எல்லாக் கோப்புகளையும் எடுத்துக்கொள்ளும். 200 வரிப் பட்டியலில், காலையில் வேறு வேலைக்காகப் போட்ட நட்சத்திரம் திரைக்குக் கீழே கண்ணில் படாமல் இருக்கலாம். அதனால் அழிக்கும் முன் கேட்கும் கேள்வியில் அடைப்புக்குறிக்குள் வரும் எண்ணைப் படியுங்கள். பெயர்ப் பட்டியலும் தனி விண்டோவில் வரும். மூன்று என்று நினைத்த இடத்தில் 17 இருந்தால் ‘நோ’ சொல்லி வெளியே வந்து, பெரிய யூ அடித்து எல்லாக் குறிகளையும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ‘யெஸ்’ என்று முழுதாக அடிக்கச் சொல்வது தொல்லையாக இருக்கிறதென்று அதை ஒரே எழுத்தாகச் சுருக்கும் அமைப்பைப் பலர் வைத்துக்கொள்கிறார்கள். கோப்பு அழிக்கும் இடத்தில் அந்தத் தொல்லை அவசியம்.

அழித்த கோப்பு இயல்பாகக் குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேராகப் போய்விடும். மெட்டா-எக்ஸ் (மெட்டா என்பது பெரும்பாலான கீபோர்டுகளில் ஆல்ட்) அடித்து கஸ்டமைஸ்-வேரியபிள் கட்டளையில் டெலீட்-பை-மூவிங்-டு-ட்ராஷ் என்பதை ஆன் செய்து சேமித்துவிடுங்கள். அதன்பின் கேள்வியிலும் டெலீட் என்பதற்குப் பதில் ட்ராஷ் என்று வரும். டைரெட்டில் அன்டூ செய்தால் குறிகள்தான் திரும்பும், கோப்பு திரும்பாது. சின்ன கே அடித்து வரி மறைந்தால் பதற வேண்டாம். பட்டியலிலிருந்து மட்டும்தான் போயிருக்கிறது, சின்ன ஜி அடித்தால் வந்துவிடும். டெர்மினலில் செய்த மாற்றம் பட்டியலில் தெரியவில்லை என்றாலும் அதே ஜிதான்.

திறந்து வைத்திருக்கும் கோப்பை டெர்மினலில் பெயர் மாற்றாதீர்கள். எடிட்டர் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும். சேமித்ததும் பழைய பெயரில் இன்னொரு கோப்பு முளைக்கும், திருத்தம் எதில் இருக்கிறதென்று தேட வேண்டிவரும். டைரெட்டில் பெரிய ஆர் கொண்டு மாற்றினால் எடிட்டரில் திறந்திருக்கும் பிரதியும் (பஃபர்) புதிய பெயருக்கு மாறிக்கொள்ளும்.

மொத்தமாகப் பெயர் மாற்றத்தான் டைரெட்டுக்கு நிகரில்லை. கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-க்யூ அடித்தால் பட்டியலே திருத்தக்கூடிய உரையாகிவிடும். மெட்டாவும் சிறியதைவிடக் குறியும் அடித்து உச்சிக்குப் போய்விட்டுத் தேடி-மாற்றுங்கள். நடுவில் தொடங்கினால் மேலே உள்ள பெயர்கள் விடுபட்டுப்போகும். தேதி, அளவு முதலியவை பூட்டப்பட்டிருப்பதால் மாற்றம் பெயர்களில் மட்டுமே விழும். கண்ட்ரோல்-சி இரண்டு முறை அடிக்கும்வரை டிஸ்க்கில் எதுவும் மாறாது. கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-கே அடித்தால் எல்லாம் ரத்து. ஒரு பெயரை முழுதாக அழித்துவிட்டு உறுதிசெய்தால் அந்தக் கோப்புக்கு அழிப்புக் குறி விழும். கவனிக்காமல் அடுத்து எக்ஸ் அடித்தால் கோப்பு போய்விடும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகர உயிர்க்குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸில் இவை வெவ்வேறு பெயர்கள், ‘கொள்முதல்’ என்று இரண்டு கோப்புகள் அருகருகே நிற்கலாம். எச்எஃப்எஸ் பிளஸ் வடிவில் இருந்த பழைய மேக் டிஸ்க்குகளிலிருந்து வந்த பெயர்கள் பிரித்தெழுதிய வடிவில்தான் இருக்கும். சதவீதக் குறியும் எம்-உம் அடித்து ‘கொ’ உள்ளவற்றைக் குறியிட்டால் ஒரு வடிவம் மட்டும் சிக்கும், மற்றது நழுவும். குறியிட்ட எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் பெயர் திருத்தும் நிலைக்குப் போய், நழுவியதை உங்கள் கீபோர்டிலேயே புதிதாகத் தட்டி உறுதிசெய்யுங்கள். அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் மேலெழுதவா என்று கேட்கும். மறுத்துவிட்டு, இரண்டையும் திறந்து பார்த்தபின் ஒன்றுக்கு வேறு பெயர் கொடுங்கள்.