சுரங்கப் பொறியாளர் வீட்டுப் பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்

பழைய சுரங்கப் பொறியாளர்களின் காகிதங்கள் எங்கள் காப்பகத்துக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் பாதிதான் மிஞ்சியிருக்கிறது. அச்சடித்த அறிக்கைகளும் பாராட்டுப் பத்திரங்களும் பைண்டு செய்து பத்திரமாக இருக்கும். டைரி, களக் குறிப்பேடு, கடித நகல் புத்தகம், மடித்த உதிரி வரைபடங்கள் எல்லாம் "கிறுக்கல்" என்று எடைக்குப் போயிருக்கும். அண்மையில் வந்ததும் அப்படித்தான். அச்சடித்த அறிக்கை நூலகங்களிலும் கிடைக்கும். எடைக்குப் போன கிறுக்கல் உலகில் ஒரே ஒரு பிரதிதான்.

கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: "மேப்பெல்லாம் கம்பெனியில இருக்கும், கவர்மென்ட்ல இருக்கும். வீட்டுல இருக்கறது வெறும் காப்பிதானே?" இந்த நம்பிக்கை தப்பு என்பதற்கு 200 ஆண்டுச் சான்று இருக்கிறது.

ஜான் பட்டில் என்பவரைப் பாருங்கள். 1773 இல் இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து சுரங்கத்துக்கு வந்த தந்தையிடம் தொழில் கற்று, வால்ஸெண்ட் சுரங்கத்தின் பொறுப்பை ஏற்றவர். அந்த வட்டாரத்தில் இந்த வேலை பார்ப்பவரை வியூவர் என்பார்கள். ஒரு வியூவர் ஒரே நேரத்தில் பல சுரங்கங்களுக்கு ஆலோசகராக இருப்பார். அளந்த புத்தகம், வரைந்த படம் எல்லாவற்றையும் தம் சொந்தச் சொத்தாகவே வைத்துக்கொள்வார். அவர் போனால் காகிதமும் கூடவே போகும். சுரங்கத்துக்குள் காற்றைப் பல கிளையாகப் பிரித்து ஓட்டும் முறையைச் செம்மைப்படுத்தியவர், டேவியின் பாதுகாப்பு விளக்கை 1816 இல் சுரங்கத்தில் சோதித்தவர் என்று பட்டிலின் பெயர் இன்றும் நிற்கிறது. ஆனால் அவர் பொறுப்பில் இருந்த ஹீட்டன் சுரங்கத்தில்தான் 1815 மே 3 அன்று, பல பத்தாண்டுகளுக்கு முன்பு கைவிட்ட பழைய சுரங்கத்தில் தேங்கிக் கிடந்த நீர் உடைத்துக்கொண்டு புகுந்து 75 பேர் இறந்தார்கள். பழைய வெட்டு அந்தப் பக்கம் இருப்பது தெரியும். எதுவரை வெட்டினார்கள் என்று நம்பிச் சொல்ல வரைபடம்தான் இல்லை.

சுரங்கப் பதிவேடுகளை ஒரு பொது இடத்தில் சேர்க்க வேண்டும் என்று 1830களில் நியூகாஸிலின் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் பட்டில் வாதாடினார். அதே கோரிக்கையை எடுத்துப் போராடியவர் இன்னொரு சுரங்கப் பொறியாளர், தாமஸ் ஸாப்வித். 1838 இல் நியூகாஸிலில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டம் இதை அரசின் காதில் போட்டது. 1840 இல் லண்டனில் சுரங்கப் பதிவு அலுவலகம் தொடங்கினார்கள். கொடுப்பவர் கொடுக்கலாம் என்ற அளவில்தான். மூடும் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது 1872 இல். அதற்கு முன் மூடியவற்றுக்கு என்ன சான்று இருக்கிறது என்றால், பெரும்பாலும் வியூவர்களின் சொந்தக் காகிதங்கள்தான். பட்டில் 1843 இல் இறந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். அவருடைய குறிப்பேடுகளும், சுரங்க முதலாளியான லண்டன்டெரி பிரபுவுக்கு ஓயாமல் எழுதிய கடிதங்களும் நியூகாஸில் சுரங்கப் பொறியாளர் கழகத்திலும் டர்ஹம் கவுண்டி ஆவணக் காப்பகத்திலும் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

"அது அந்தக் காலம்" என்பீர்கள். 2002 ஜூலை 24 இரவு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கியூக்ரீக் சுரங்கத்தில் 9 பேர் வெள்ளத்தில் சிக்கினார்கள். பக்கத்தில் கைவிட்ட சுரங்கம் இன்னும் சில நூறு அடி தள்ளி இருக்கிறது என்று கையிலிருந்த வரைபடம் காட்டியது. அது பழைய நிலவரம். 77 மணி நேரத்துக்குப் பிறகு 9 பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். கடைசி நிலவரத்தைக் காட்டும் வரைபடம் பின்னால் கிடைத்தது. எங்கே? கம்பெனியிலும் இல்லை, அரசு அலுவலகத்திலும் இல்லை. முன்னாள் சுரங்க ஆய்வாளர் ஒருவரின் சொந்தக் காகிதங்களோடு குடும்பத்தார் கொடுத்து, ஒரு சிறிய நிலக்கரி அருங்காட்சியகத்தில் கிடந்தது. இதற்குப் பிறகும் "வீட்டுல இருக்கறது வெறும் காப்பி" என்று சொல்லாதீர்கள்.

டைரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: வரைபடத்துக்குத் தேதி வேண்டும். பழைய சுரங்க அளவை பெரும்பாலும் காந்த ஊசியை வைத்துச் செய்தது. காந்த வடக்கு ஆண்டுக்கு ஆண்டு நகரும். லண்டனில் 1818 வாக்கில் அது உண்மையான வடக்கிலிருந்து 24 பாகைக்கு மேல் மேற்கே விலகி நின்றது, இன்று இரண்டு வடக்கும் கிட்டத்தட்ட ஒரே திசையில் நிற்கின்றன. 1 பாகை பிசகினால் 1,000 அடி தூரத்தில் 17 அடிக்கு மேல் தள்ளிப் போகும். தேதி இல்லாத வரைபடத்தை இன்றைய படத்தின் மேல் எப்படித் திருப்பிப் பொருத்துவது? "இன்று வடக்குக் கிளைக் காலரியை (சுரங்கப் பாதையை) அளந்தோம்" என்று டைரியில் இருக்கும் ஒரு வரி அந்தத் தேதியைத் தந்துவிடும். அதனால்தான் டைரியையும் வரைபடத்தையும் பிரித்து ஆளுக்கொன்று பங்கு போட வேண்டாம் என்று கெஞ்சுகிறோம்.

ஸாப்வித் 1822 முதல் 1879 இல் இறக்கும்வரை எழுதியது 168 தொகுதி டைரி. நியூகாஸிலில் தந்தையின் மரச்சாமான் பட்டறையில் வளர்ந்தவர். ஆலன்ஹெட்ஸ் ஈயச் சுரங்கங்களை நிர்வகித்தவர். ஒரே சாவியில் எல்லா இழுப்பறையும் பூட்டிக்கொள்ளும் எழுத்து மேசையைக்கூட வடிவமைத்தார். அவர் 1841 இல் வெளியிட்ட 12 மர மாதிரிகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஆளே புரிவார். வெவ்வேறு நிற மரப் பட்டைகளை அடுக்கி ஒட்டிய சிறு கட்டை. ஒவ்வொரு பட்டையும் ஒரு பாறை அடுக்கு, கறுப்புப் பட்டை நிலக்கரி. மேற்பரப்பைப் பள்ளத்தாக்குபோல் செதுக்கியதும் நேர்ப் பட்டை வளைந்து வி வடிவில் வெளியே தெரியும். கீழே சாய்ந்து போகும் அடுக்கு தரையில் எப்படி முகம் காட்டும் என்பது ஒரு பார்வையில் விளங்கிவிடும். இப்படி ஒன்று பெட்டியில் இருந்தால் விளையாட்டுச் சாமான் என்று பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஒட்டு விட்டுப்போகும்.

அடுத்து, "ஸ்கேன் பண்ணியாச்சு, இனி தூக்கிப் போடலாம்" என்பவர்கள். 2 சங்கிலிக்கு 1 அங்குலம் என்ற அளவில் வரைந்த படத்தை எடுங்கள். ஒரு சங்கிலி 66 அடி, ஆக 1 அங்குலம் என்பது நிலத்தில் 132 அடி. தாளில் 20 அங்குலம் என்றால் 2,640 அடி. தாள் 1 சதவீதம் சுருங்கியிருந்தால் 26 அடி காணாமல் போய்விடும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே மாதிரி சுருங்காது என்பது இன்னொரு தொல்லை. மொபைலில் சாய்வாக எடுத்த போட்டோவில் இதையெல்லாம் திருத்த வழியே இல்லை. ஸ்கேன் செய்யுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வண்ணத்தில் செய்யுங்கள், ஒவ்வொரு அடுக்குக்கும் தனி வண்ணம் தீட்டியிருப்பார்கள். அங்குலத்துக்கு 400 புள்ளி, டிஃப் (TIFF) கோப்பு, பக்கத்தில் ஒரு ஸ்கேல், ஓரம் நான்கும் தெரிய வேண்டும், பின்பக்கமும் வேண்டும். அசலையும் வையுங்கள்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுரங்கக்காரர் டிரங்குப் பெட்டியில் டெட்டனேட்டர், அதாவது வெடிமருந்தை வெடிக்க வைக்கும் குப்பி, இருக்கலாம். சுண்டுவிரலைவிட மெல்லிய செப்பு அல்லது அலுமினியக் குழல், ஒரு முனை மூடியிருக்கும். பார்த்தால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுப் போலீசை அழையுங்கள். சாம்பல் நிறக் கட்டிகள் உள்ள டப்பா, சுரங்க விளக்குக்குப் போடும் கார்பைடாக இருக்கலாம், தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் வாயு கிளம்பும். தாது மாதிரிகளை முகர்ந்து பார்க்காதீர்கள், பொடி தட்டாதீர்கள்.

இனி காகிதம். எது எதன்மேல் இருந்தது என்று முதலில் படம் எடுங்கள். தேதிவாரியாகவோ அழகு பார்த்தோ அடுக்காதீர்கள், அவர் வைத்த வரிசையே ஒரு சான்று. ஒவ்வொரு கட்டுக்கும் மென்மையான பென்சிலில் எண் இடுங்கள். பேனா வேண்டாம். ரப்பர் பேண்டையும் துருப்பிடித்த குண்டூசியையும் எடுத்துவிடுங்கள், வராத ஊசியைப் பிடுங்க வேண்டாம். தாளுக்குக் கையுறை தேவையில்லை, கழுவி உலர்ந்த கை போதும். கையுறை போட்டால் தாளின் ஓரம் தெரியாமல் கிழிப்பீர்கள்.

படத்தை நகலெடுக்கும் மெல்லிய துணியான டிரேசிங் கிளாத்தில் கஞ்சி ஏற்றியிருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் போதும் அது வெளுத்துப் போக. கடித நகல் புத்தகத்தின் மெல்லிய தாளில் இருப்பது நீரில் கரையும் மை, அதற்கும் ஈரம் எமன். ப்ளூபிரிண்ட் வெயிலில் வெளுக்கும். காரம் சேர்த்த 'ஆசிட் இல்லாத' உறையில் வைத்தாலும் அதன் நீலம் மங்கும், அதற்கு மட்டும் காரம் சேர்க்காத உறை கேட்டு வாங்குங்கள். அம்மோனியா பிரிண்டுகளை (அம்மோனியா வாயுவில் எடுத்த வரைபட நகல்களை) மற்றவற்றோடு ஒட்டி வைத்தால் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும், தனியே வையுங்கள். செல்லோடேப் கூடாது. லேமினேஷன் கூடவே கூடாது, அதைப் பிரிக்க எங்களாலும் முடிவதில்லை. அந்துருண்டை, மஞ்சள்தூள், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். சுவரோரம் இல்லாமல், தரையிலிருந்து அரையடி உயரத்தில், காற்றோட்டமாக வைத்தாலே கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் பாதி வழி அடைபட்டுவிடும். சுருட்டிய படம் விறைத்திருந்தால் அமுக்கி விரிக்காதீர்கள். 4 அங்குல விட்டமுள்ள குழாயில் சுத்தமான தாள் சுற்றி, அதன் வெளிப்பக்கமாகத் தளர்வாகச் சுருட்டுங்கள். நனைந்துவிட்டால் வெயிலில் காயப்போடாமல் மின்விசிறிக் காற்றில் விரியுங்கள். இரண்டு நாள் தாமதித்தால் பூஞ்சை வந்துவிடும்.

கொடுப்பதானால் எழுத்தில் கொடுங்கள். நன்கொடையா, உரிமை உங்களிடமே இருக்கும் வைப்பா, யார் பார்க்கலாம், வேண்டாதவற்றைக் காப்பகம் என்ன செய்யும் என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். பட்டியல் வாங்காமல் ஒரு கட்டையும் கொடுக்காதீர்கள்.

கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சுரங்கம் 2001 இல் மூடிவிட்டது. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம், அதன் அளவைப் பிரிவில் இருந்தவர்களின் பாக்கெட் நோட்டு இன்னும் உங்கள் பரணில் இருக்கலாம். அப்பாவோ தாத்தாவோ உயிரோடிருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த ஷாஃப்ட், எத்தனையாவது லெவல், எந்த வருஷம், போட்டோவில் நிற்பவர்கள் யார். சொல்வதைத் தனித்தாளில் எழுதி அந்தந்தக் கட்டோடு வையுங்கள். படத்தின் பின்புறத்தில் எழுத வேண்டாம்.