"உங்க பேரு ரெக்கார்டுல இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களா?

வேலூர் பக்கம் வக்கீல் தொழில் செய்கிறவருக்குப் பட்டாளத்துக் குடும்பங்களின் வழக்குகள் வராமல் இருக்காது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடும் மாவட்டம் இது. கணவர் இறந்தபின் பென்ஷன் கேட்டு என்னிடம் வரும் அம்மாக்களில் பலர் ஏற்கெனவே ஒரு பதிலைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்: "உங்க பேரு ரெக்கார்டுல இல்லம்மா." அதோடு கதை முடிந்தது என்று நினைத்து, வருடக்கணக்காக வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் உண்டு. பெயர் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது பென்ஷன் கிடையாது என்பதற்கான உத்தரவு ஆகாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தள்ளிவைத்துவிடலாம். தாலுகா ஆபீஸில் கொடுக்கும் ஆதரவற்ற விதவை உதவித்தொகை வேறு, ராணுவக் குடும்ப ஓய்வூதியம் வேறு. முன்னது மாநில அரசின் உதவி, மாதம் 1,200 ரூபாய். பின்னது கணவரின் சேவைக்கு மத்திய அரசு தரவேண்டிய பணம். 2016 ஜனவரி முதல் குறைந்தபட்சமே 9,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்தால் மனைவிக்குச் சாதாரணமாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பணியில் இருக்கும்போதே இறந்தால் முதல் 10 ஆண்டுகளுக்கு 50 சதவீதம். இறப்புக்கு ராணுவப் பணியே காரணம் என்று ஏற்றுக்கொண்டால் 60 சதவீதம். போர்முனையில் என்றால் கடைசிச் சம்பளம் முழுவதும்.

இந்தப் பெயர் எங்கே ஏறவேண்டும், ஏன் ஏறாமல் போகிறது? ஜவான் கல்யாணம் செய்துகொண்டால் யூனிட்டில் தெரிவிக்கவேண்டும். அவர்கள் அதைப் பதிவு செய்து 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவு போடுவார்கள். அது அந்தந்தப் பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகும்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படை என்றால் பெங்களூரு, ஈ.எம்.ஈ. எனும் மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு என்றால் செகந்திராபாத், பீரங்கிப் படை என்றால் நாசிக். அந்தப் பதிவை வைத்துத்தான் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையைத் தயாரிக்கிறது. வங்கி பணம் வந்து சேரும் இடம், அவ்வளவுதான். பி.பி.ஓ.வில் பெயர் இல்லாதபோது வங்கி மேனேஜரிடம் அழுது பயனில்லை.

பெயர் இருந்தும் எழுத்து மாறியிருப்பது தினப்படி நடப்பது. யூனிட் கிளார்க் வடக்கத்திக்காரர் என்றால் நம் லட்சுமிக்கு ஆங்கிலத்தில் எக்ஸ் போட்டிருப்பார். ஆதாரில் கே, எஸ், எச் என்று இருக்கும். பிறந்த தேதி கேட்டால் அந்தக் காலத்து மனுஷன் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லியிருப்பார். இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்கு வக்கீல்கூட வேண்டாம்.

பெயரே இல்லாத வழக்குகள்தான் கஷ்டம். அவற்றில் நான் அதிகம் பார்ப்பது இரண்டாம் தாரமாக வந்தவர்களின் வழக்கு. முதல் மனைவி இறந்துபோகிறார். கணவர் ரிட்டையராகி ஊருக்கு வந்தபின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று உறவிலேயே ஒரு பெண்ணைக் கட்டிவைக்கிறார்கள். அந்தப் பெண் முப்பது வருடம் குடித்தனம் செய்கிறார். பி.பி.ஓ.வில் முதல் மனைவியின் பெயர் அப்படியே இருக்கிறது. பென்ஷன் மாதாமாதம் வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் அதை மாற்றத் தோன்றவில்லை. அவர் கண்ணை மூடியபிறகுதான் தெரிகிறது.

ஓய்வுபெற்ற பிறகு நடந்த திருமணம் என்பதற்காகக் குடும்ப ஓய்வூதியத்தை மறுக்கமுடியாது. 1989ஆம் ஆண்டு பகவந்தி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. ஆகவே சட்டத்தில் சிக்கல் இல்லை, காகிதத்தில்தான் சிக்கல். ரெக்கார்ட் ஆபீஸ் இரண்டைக் கேட்கும்: முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணத்துக்கு ஆதாரம். வீட்டில் நடந்த அந்தக் காலத்துச் சாவைப் பல ஊர்களில் யாரும் பதிவு செய்திருக்கமாட்டார்கள். அப்போது முதலில் பதிவு இல்லை என்ற சான்று வாங்கவேண்டும். பிறகு கோட்டாட்சியரிடம் மனு போட்டுத் தாமதப் பதிவுக்கு உத்தரவு பெறவேண்டும். வி.ஏ.ஓ. விசாரிப்பார், அந்தச் சாவு தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர் சாட்சி சொன்னால் நல்லது. திருமணத்துக்கும் பழைய ஜோடிகளிடம் பதிவுச் சான்று இருக்காது, தமிழ்நாட்டில் கட்டாயத் திருமணப் பதிவுச் சட்டமே 2009இல் வந்ததுதான். பத்திரிகை, கல்யாண போட்டோ, பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் டி.சி., வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். இதையும் ஏற்கவில்லை என்றால் சிவில் நீதிமன்றத்தில் 'இவரே சட்டப்படியான மனைவி' என்று விளம்புகைத் தீர்ப்பு வாங்கலாம். அது கைக்கு வந்துவிட்டால் ரெக்கார்ட் ஆபீஸ் மறுக்க வழி குறைவு.

முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே இரண்டாவது கல்யாணம் நடந்திருந்தால் நிலைமை வேறு. "ஊர்ப் பஞ்சாயத்துல தீர்த்துவிட்டாங்க சார், வெத்திலை பாக்கு மாத்தி முடிச்சாச்சு" என்பார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்காற்று விவாகரத்தை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தச் சாதியில் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கவேண்டும். பஞ்சாயத்தார் கையெழுத்துப் போட்ட பத்து ரூபாய்ப் பத்திரத்தை மட்டும் நீட்டினால் ராணுவம் ஏற்காது. நிரூபிக்க முடியாத இடத்தில் இரண்டாவது மனைவிக்குப் பென்ஷன் வராது. இதைக் கேட்டு அலுவலகத்திலேயே உடைந்துபோன பெண்களைப் பார்த்திருக்கிறேன். என்றாலும் அவருடைய பிள்ளைகள் 16ஆம் பிரிவின்படி முறையான வாரிசுகள். வயது வரம்புக்குள் இருந்தால் அவர்கள் பங்கு கேட்கலாம்.

சரி, எப்படிக் கேட்பது? வாய்வார்த்தையாக எதையும் கேட்காதீர்கள். மனுவை நல அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒரு நகலைப் பதிவுத் தபாலில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்புங்கள். மறுத்தாலும் எழுத்தில் மறுக்கட்டும். அந்தக் காகிதம்தான் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக உங்களுக்கு வாசல். கணவரின் ஆவணங்கள் கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் நகல் கேட்கலாம். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் ஃபைலை 25 ஆண்டுகளில் அழித்துவிடுவது ராணுவ விதி. "ஃபைல் இல்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாமல் 'லாங் ரோல்' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, காரணம் அதில் இருக்கும்.

காலம் கடந்துவிட்டதே என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. பென்ஷன் மாதாமாதம் தரவேண்டியது என்பதால், தாமதம் உரிமையை அழிக்காது. ஆனால் அரியர்ஸை அது தின்றுவிடும். 2008இல் தர்சேம் சிங் வழக்கில், தாமதமாக வருகிறவருக்கு மனு போட்டதற்கு முந்தைய மூன்று ஆண்டு பாக்கியை மட்டும் தந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்து வருடம் கழித்து வழக்குப் போட்டால் ஏழு வருடப் பணம் போனதுதான்.

கணவர் 15 ஆண்டு முடிக்காமல் வந்திருந்தால் பொதுவாகப் பென்ஷன் இல்லை. அதிலும் அறுபதுகளில் சேர்ந்து, பணிக்காலம், தேவைப்பட்டால் திரும்ப அழைக்கப்படும் ரிசர்வ் காலம் இரண்டும் சேர்த்து 15 ஆண்டு முடித்து, அதனால் பென்ஷனுக்கு உரியவர்கள் உண்டு. டிஸ்சார்ஜ் புக்கை யாரிடமாவது காட்டுங்கள். எதுவுமே இல்லையென்றால், ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்தவர்களின் 65 வயது தாண்டிய மனைவிக்கு மத்திய சைனிக் போர்டின் வறுமை உதவித்தொகை இருக்கிறது. மாதம் 4,000 ஆக இருந்ததை 2025இல் 8,000 ஆக உயர்த்தினார்கள். மனு இதற்கும் மாவட்ட நல அலுவலகம் வழியாகத்தான் போகும்.

அப்புறம், பட்டாளத்திலிருந்து வந்து மின்வாரியத்திலோ வங்கியிலோ வேலை பார்த்து, அங்கேயும் பென்ஷன் வாங்கியவர்களின் மனைவிகள் கவனியுங்கள். முன்பெல்லாம் ஏதாவது ஒரு குடும்ப ஓய்வூதியம்தான். 24.9.2012 முதல் இரண்டையும் வாங்கலாம். அதற்கு முன்பே கணவரை இழந்து ஒன்றை விட்டுக்கொடுத்தவர்களும் அந்தத் தேதியிலிருந்து கேட்கலாம். இது தெரியாத குடும்பங்கள் இந்த மாவட்டத்திலேயே எத்தனையோ!

அரியர்ஸில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொண்டு வரும் ஏஜென்ட்களிடம் ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுத்துவிட்டு அதை மீட்கவே என்னிடம் வந்தவர்கள் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுத்தால் வக்கீல் வைத்துத் தருவார்கள்.

முன்னாள் ராணுவத்தினர் இதைப் படித்தால், இன்றைக்கே ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்ற நீங்கள் போடவேண்டியது ஒரு விண்ணப்பம். அதே வேலைக்கு உங்களுக்குப் பிறகு அவர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கோர்ட்டுக்கும் அலையவேண்டியிருக்கும்.