2052-இல் வரப்போகும் மின்தூக்கிக்கு இன்றே கட்டும் காசு

2024-இல் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு மின்தூக்கியை மாற்றினார்கள். வேலை முடியும்வரை மற்றொன்றில்தான் எல்லாரும் ஏறி இறங்க வேண்டும். ஒருநாள் காலை, கையில் மீன் பையும் கீரைக்கட்டுமாக எனக்கு முன்னால் நின்ற பதினோராம் மாடிப் பாட்டி கேட்டார்: "இதுக்கெல்லாம் யாரு காசு தம்பி?" "நம்ம காசுதான் பாட்டி" என்றேன். அவர் நம்பவில்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டில் இருப்பவர்கள், பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்கு மாதாமாதம் சேவை, பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம். பெருக்குவது, குப்பை அள்ளுவது, தாழ்வார விளக்கு, செடிகொடி எல்லாம் அதில்தான் நடக்கின்றன. ஆனால் முழுப் பணத்தையும் நகர மன்றம் அந்த வருடமே செலவழித்துவிட முடியாது. 2017 ஏப்ரல் முதல், கட்டணத்திலும் அரசு மானியத்திலும் குறைந்தது 26 விழுக்காட்டைச் சிங்கிங் ஃபண்ட் என்ற இருப்பு நிதியிலும், 14 விழுக்காட்டை மின்தூக்கி மாற்று நிதியிலும் போட்டாக வேண்டும். பெருக்குபவர் சம்பளத்துக்குப் பற்றாக்குறை வந்தாலும் இந்த இரண்டு நிதியிலிருந்தும் எடுக்க முடியாது.

ஒரு கணக்குப் போடலாம். மாதக் கட்டணம் 70 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டியை இப்போதைக்கு விட்டுவிடலாம். இருப்பு நிதிக்கு 18.20, மின்தூக்கிக்கு 9.80. மிச்சம் 42 வெள்ளிதான் அன்றாடச் செலவுக்கு. ஒரு மின்தூக்கியின் ஆயுள் சுமார் 28 ஆண்டு. அந்த 9.80 அத்தனை ஆண்டும் சேர்ந்தால், ஒரே வீட்டிலிருந்து 3,292.80 வெள்ளி. ஒரு மின்தூக்கியைப் பல பத்துக் குடும்பங்கள் பயன்படுத்துகின்றன. பழசைக் கழற்றும் நாளில் யார் வீட்டுக் கதவையும் தட்டிப் பெரிய தொகை கேட்க வேண்டியிருக்காது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதன் நியாயம்தான்: பத்து வருடம் குடியிருந்து வீட்டை விற்றுப் போகிறவரும், தான் ஏறி இறங்கிய தேய்மானத்துக்கு உரியதைக் கட்டிவிட்டுத்தான் போகிறார்.

இருப்பு நிதியும் இதே மாதிரிதான். புளோக்குக்குச் சாயம் அடிப்பது 5 முதல் 7 ஆண்டுக்கு ஒருமுறை வரும். அப்புறம் கூரை, தண்ணீர்த் தொட்டி, நீரேற்றும் பம்பு, மின்கம்பி என ஒவ்வொன்றுக்கும் இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று கணக்கு உண்டு.

சரி, புதிதாக வரும் கூரை போட்ட நடைபாதை, உடற்பயிற்சி மூலை, சாய்தளம்? இவை பெரும்பாலும் வேறு பை. பேட்டைத் தொண்டூழியர்கள் குடியிருப்பாளர்களிடம் கேட்டு முன்மொழிவார்கள். சமூக மேம்பாட்டுத் திட்டங்களுக்கென்று அரசு ஒதுக்கும் பணம் கைகொடுக்கும். கட்டி முடித்ததும் அது நகர மன்றத்தின் பொறுப்பு. கூரையில் சேரும் இலையை அகற்றுவதும், எரியாத விளக்கை மாற்றுவதும் அந்த 42 வெள்ளிக்குள் வந்து உட்காரும். கட்டும் காசு ஒருமுறை வரும், பராமரிக்கும் காசோ ஒவ்வொரு மாதமும் வேண்டும். ஏப்ரலில் தொடங்கும் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் வரவுசெலவுத் திட்டம் போடும்போது இதுதான் தலைவலி.

முன்பு இதையெல்லாம் வீவகவே பார்த்துக்கொண்டது. 1986-இல் அங் மோ கியோ வட்டாரத்தில் நகர மன்றங்களைச் சோதனையாகத் தொடங்கி, 1988-இல் நகர மன்றச் சட்டம் வந்தது.

பாட்டிக்கு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். புது மின்தூக்கி ஓடத் தொடங்கிய மாதமே அவர் கட்டிய கட்டணத்தில் ஒரு பங்கு 2052-க்காகப் போய்விட்டது என்றதும், விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ என் பேத்திக்கு முப்பத்தஞ்சு வயசு" என்றார்.