கார் நிறுத்தக் காசு வாங்கினால் இடம் எங்கிருந்து வரும்?

வடசேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "நாகர்கோவிலில் ரோட்டோரம் சும்மா விடும்போதே கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. காசு வாங்க ஆரம்பித்தால் மட்டும் இடம் முளைத்துவிடுமா?"

முளைக்காது. ஆனால் கிடைக்கும்.

போன ஐப்பசியில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போயிருந்தோம். மத்தியானம் பிடித்த மழை நாலு மணிக்குத்தான் விட்டது. கேப் ரோட்டில் மூன்று ரவுண்டு அடித்தும் இடமில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, இங்க இடம் வேணும்னா கடை திறக்கதுக்கு முன்னாடி வரணும்." வீட்டாரைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை எங்கோ தள்ளி விட்டுவிட்டு நடந்து வரும்போதுதான் கவனித்தேன். ரோடு முழுக்க ஈரம். நின்றிருந்த கார்களில் பாதிக்கு மேல், அடியில் மட்டும் தரை காய்ந்து கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மழை தொடங்குவதற்கு முன்னால் வந்து நின்றவை, இன்னும் அசையவில்லை என்று அர்த்தம். பட்டு எடுக்க வந்தவர்களின் கார்கள் அல்ல அவை. கடைக்காரர்களும் கடையில் வேலை பார்ப்பவர்களும் காலையில் விட்டவையாகத்தான் இருக்க வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ரோட்டோர இடங்களில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், ஐந்தில் ஒன்று காலி. அப்படியென்றால் சராசரியாக ஐந்தாவது இடத்தில் நமக்கு நிறுத்தக் கிடைக்கும். பகடையில் ஆறு விழ சராசரியாக ஆறு தடவை உருட்ட வேண்டும் அல்லவா, அதே கணக்குதான். 90 சதவீதம் நிரம்பினால் பத்து இடம் பார்க்க வேண்டும். 95 என்றால் இருபது. 99 என்றால் நூறு! ஒரு காருக்கு ஆறு மீட்டர் என்று வைத்தால், 80 சதவீதத்தில் 30 மீட்டர் போனால் போதும். 99-ல் 600 மீட்டர் ஊர்ந்து தேட வேண்டும். நிஜத்தில் காலி இடங்கள் ஒரே சீராகச் சிதறிக் கிடக்காது, ஆகவே எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் இதை வரைபடமாகப் போட்டால் வரும் கோட்டின் வடிவம் மாறாது. வெகுநேரம் படுத்தே கிடந்துவிட்டு, கடைசியில் தென்னை மாதிரி நெட்டுக்குத்தாக எழும்புகிறது.

அந்தக் கடைசி உயரத்தில்தான் நாம் தினமும் மாட்டிக்கொள்கிறோம். தேடுகிறவர் மெதுவாகப் போகிறார், பின்னால் பஸ் நிற்கிறது, யாரோ சாவியோடு வருவதைப் பார்த்துவிட்டு ஒருவர் நடுரோட்டிலேயே காத்திருக்கிறார்.

இதையே திருப்பிப் பாருங்கள். நெரிசலைத் தீர்க்கப் பாதிக் கார்களை விரட்ட வேண்டியதில்லை. இருபதில் மூன்று போனால் போதும், 85 சதவீதத்துக்கு வந்துவிடும். ஏழாவது இடத்தில் நமக்கு ஒன்று இருக்கும். டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர், 2025-ல் காலமானவர், வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியது இந்த 85-ஐத்தான்.

எந்த மூன்று பேர் போவார்கள்? மணிக்கு 20 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். துணி எடுக்க வந்தவருக்கு ஒரு மணி நேரம் 20 ரூபாய். பெட்ரோல் எரித்துச் சுற்றுவதைவிட மலிவு. காலையிலிருந்து பத்து மணி நேரம் விட்டவருக்கு 200 ரூபாய். அவர் நாளையிலிருந்து பைக்கில் வருவார், இல்லையென்றால் காரை உள்தெருவில் விட்டுவிட்டு நடப்பார். யாரையும் யாரும் விரட்டவில்லை, கடிகாரமே பிரித்துவிடுகிறது. பத்து மணி நேரம் ஒரே கார் அடைத்திருந்த இடத்தில் இப்போது பத்துப் பேர் வந்து போகலாம். உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935-ல் ஓக்லஹோமா சிட்டியில் வைக்கப்பட்டதும், கடைவீதியில் வேலை பார்ப்பவர்களின் கார்கள் நாள் முழுக்க இடத்தை அடைத்ததால்தான்.

சரி, கட்டணம் எவ்வளவு? அதைத் தெருவே சொல்லும். 2011-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தரையில் உணர்கருவி பதித்து எண்ணினார்கள். 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பும் தெருவில் கால் டாலர் கூட்டினார்கள், 60-க்குக் கீழே இருந்த தெருவில் குறைத்தார்கள்.

"ரோடு பொதுச்சொத்து, அதற்கு எதற்குக் காசு?" என்பார்கள். ஒரு கார் நிற்க 2.5-க்கு 5 மீட்டர் வேண்டும், ஏறக்குறைய 135 சதுர அடி. மூன்று கார் நின்றால் கிட்டத்தட்ட ஒரு சென்ட் நிலம். நாகர்கோவில் கடைவீதியில் ஒரு சென்ட் என்ன விலை என்று நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அந்த நிலத்தைக் கார் இல்லாமல் பஸ்ஸில் வருகிறவரும் சேர்ந்துதான் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கடைக்காரர்கள் சிலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு: வாசலில் வண்டி நிறைந்து நின்றால் ராசி, காலியாகத் தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அசையாத கார் எதையும் வாங்குவதில்லை.

எந்தக் கார் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே இது புரியும். ஒரு நோட்டு, ஒரு பேனா, அரை மணிக்கொரு தடவை நம்பர் பிளேட்டின் கடைசி நாலு எண். இத்தனை பொறியியல் கல்லூரிகள் உள்ள மாவட்டத்தில் மாணவர்கள் ஒரு மாதத்தில் முடித்துவிடுவார்கள். பல கோடியில் அடுக்குமாடி பார்க்கிங் கட்டுவதற்கு முன்னால், இப்படி எண்ணும் வேலைக்குச் சில ஆயிரங்கள் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கன்னியாகுமரி கடற்கரையில் மட்டும் இந்த மருந்து அவ்வளவாகப் பலிக்காது. சூரிய உதயத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தாக வேண்டும். ஒருவர் போய் இன்னொருவர் வர அங்கே நேரமே இல்லை. ஐயப்ப சீசனில் தள்ளி நிறுத்தவைத்து, அங்கிருந்து சிறு பஸ்ஸில் கூட்டி வருவதுதான் வழி.

அப்புறம், வசூலாகும் பணம். கலிஃபோர்னியாவின் பாசடேனா நகரத்தில் 1993-ல் பழைய கடைவீதியில் மீட்டர் வைத்தபோது, வரும்படியை அந்தத் தெருவுக்கே செலவழிப்பதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் கடைக்காரர்கள் சம்மதித்தார்கள். நடைபாதை, விளக்கு, மரம் எல்லாம் அந்தக் காசில் வந்தன. இங்கேயும் முதல் மாத வசூலில் அந்தந்தக் கடை வாசல் ஓடையின் உடைந்த சிலாபை மாற்றிக் கொடுக்கலாம்.