எஃப்ளூயண்ட்: கழிவுநீரா, வெளியேறுநீரா?

ஆலையிலிருந்தோ சுத்திகரிப்பு நிலையத்திலிருந்தோ வெளியே விடப்படும் நீரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'எஃப்ளூயண்ட்' லத்தீன் வேரில் பிறந்தது. 'ஃப்ளுவெரே' என்றால் பாய்தல். முன்னால் 'எக்ஸ்' சேர்ந்தால் வெளியே பாய்தல். அழுக்கு என்ற பொருள் சொல்லுக்குள் எங்குமே இல்லை. ஏரியிலிருந்து பிரிந்தோடும் ஆற்றுக்கும் புவியியலில் இதே பெயர் உண்டு.

தமிழில் 'கழிவுநீர்' என்று எழுதிவிடுகிறோம். சீவேஜும் அதுதான், வேஸ்ட்வாட்டரும் அதுதான். விளைவு: "கழிவுநீரில் பிஓடி லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது" என்று ஓர் ஆணை வந்தால், எந்த நீரில் என்று கேட்க வேண்டியிருக்கிறது. (பிஓடி என்பது நீரிலுள்ள கரிம அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு.) சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழையும் நீரில் 300 இருப்பது குற்றமல்ல. சட்டம் அளப்பது கடைசிக் குழாயின் வாயில். எனவே நுழைவது உள்வருநீர், போவது வெளியேறுநீர் என்று பிரித்துச் சொல்வதே சரி. ('கழிமுகம்', 'உப்பங்கழி' ஆகியவற்றிலுள்ள 'கழி'யிலும் அழுக்கு கிடையாது, ஆனால் 'கழிவு' என்றதும் யார் மூக்கைப் பிடிக்காமல் இருக்கிறார்கள்?)

அந்த 20 எங்கிருந்து வந்தது? பிரிட்டனின் கழிவுநீர் ஆணையம் 1912-இல் பிஓடி 20, நீரில் கரையாமல் கலந்து நிற்கும் திடப்பொருள் 30 என்று வகுத்தது. கணக்கு எளிது: 20 உள்ள வெளியேறுநீர் ஒரு பங்கு, பிஓடி 2 உள்ள ஆற்று நீர் எட்டுப் பங்கு, கலந்தால் 4. மழை ஓயாத நாட்டின் கணக்கு அது. வறண்ட பகுதியில் அந்த எட்டுப் பங்கு இல்லை. கோடையில் ஆற்றில் ஓடுவதே வெளியேறுநீர்தான் என்றால் 20 இருபதாகவே நிற்கும்.

உள்வருநீரும் அங்கே வேறு. ஒருவரால் நாளுக்குச் சுமார் 60 கிராம் பிஓடி சேர்கிறது. அவர் 200 லிட்டர் செலவழித்தால் லிட்டருக்கு 300 மில்லிகிராம். 80 லிட்டர்தான் கிடைத்தால் 750. முந்நூறுக்குக் கட்டிய நிலையம் 90 விழுக்காடு நீக்கினாலும் 75 மிஞ்சும். உப்போ உயிரியல் தொட்டியில் குறைவதே இல்லை. ஆவியாதலில் இன்னும் ஏறும்.

வரம்பைச் செறிவாக, அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் எழுதினால் ஏய்ப்பது சுலபம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் பிஓடி உள்ள 100 கனமீட்டர் வெளியேறுநீரில் 400 கனமீட்டர் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் செறிவு இருபதாகி ஆய்வில் தேறிவிடும். நிலத்தில் விழுவது அதே 10 கிலோ. நல்ல நீர் வீணானதுதான் மிச்சம். ஆகவே வெளியேறுநீரின் ஓட்டத்தையும் மீட்டர் வைத்து அளந்து, நாளுக்கு எத்தனை கிலோ என்று வரம்பிட வேண்டும்.

மாதிரிக் குப்பியின் சீட்டில் 'வெளியேறுநீர்' என்பதோடு நின்றாலும் போதாது. கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்ப்பதற்கு முன்பா, பின்பா என்பதும் வேண்டும். பின்பு எடுத்த மாதிரியில் குளோரினை முறிக்காமலும் புதிதாக நுண்ணுயிர் சேர்க்காமலும் சோதித்தால், ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள உயிர் ஏதும் மிஞ்சியிருக்காது. பிஓடி பொய்யாகக் குறைந்து காட்டும்.