விமானம் தாமதமானால் சாப்பாடு யார் பொறுப்பு?

நீலகிரிக்கு விமானம் என்றால் கோவைதான். ஊட்டியிலிருந்து மலையிறங்கி, மேட்டுப்பாளையம் நெரிசலைத் தாண்டிப் பீளமேடு போய்ச் சேர்வதற்குள் காலையில் சாப்பிட்ட இட்லி செரித்துவிடும். உள்ளே ஏறினால் ஏதாவது தருவார்கள் என்று நம்பிப் போகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது பெரும்பாலான உள்நாட்டு டிக்கெட்டில் சாப்பாடு கிடையாது.

2003-ல் ஏர் டெக்கான் வந்து டிக்கெட் விலையைக் குறைத்தது, சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு வாங்கியது. பின்னால் வந்த மலிவுக் கட்டண நிறுவனங்களுக்கும் அதே கணக்குதான். தட்டு நிறையப் பரிமாறிப் பெயர் வாங்கிய கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும் பறப்பதை நிறுத்தின. சாப்பாடு போட்டதால் முடங்கின என்று சொல்ல முடியாது, கடன்தான் காரணம். ஆனால் சந்தையில் யாருடைய வழி நின்றது என்பது தெளிவு. ஏர் இந்தியாகூட 2017-ல் உள்நாட்டு எகானமி வகுப்பில் அசைவத்தை நிறுத்திப் பார்த்தது.

இதில் விதி மீறல் எதுவும் இல்லை. சாப்பாடு, விருப்ப இருக்கை, செக்-இன் லக்கேஜ் போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்க விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அனுமதித்திருக்கிறது. இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. பயணி தானாகக் கேட்டால்தான் அந்தக் கட்டணத்தைச் சேர்க்கலாம். டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருக்கக் கூடாது. அடுத்தது, குடிநீருக்குக் காசு கேட்கக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தயங்குகிறவர்களை நிறையப் பார்க்கலாம். தயங்க வேண்டாம்.

பறக்கும்போது சாப்பாடு விலைக்குத்தான். தரையில் காத்திருக்கும்போது கதை வேறு, பலரும் கோட்டை விடுவது இங்கேதான். “நாமதான் சாப்பாடு இல்லாத டிக்கெட் எடுத்தோமே, என்ன கேட்கிறது” என்று நினைத்து, விமான நிலையக் கடையில் இருநூறு முந்நூறு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். தாமதத்துக்கான சாப்பாடு டிக்கெட்டோடு வருவதில்லை, டி.ஜி.சி.ஏ. விதியோடு வருகிறது. எவ்வளவு மலிவான டிக்கெட்டுக்கும் அது பொருந்தும்.

கணக்கு பயண நேரத்தை வைத்து. பயணம் இரண்டரை மணி நேரத்துக்குள் என்றால், 2 மணி நேரத் தாமதத்துக்கே சாப்பாடும் சிற்றுண்டியும் தரவேண்டும். கோவையிலிருந்து சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை எல்லாம் இதில் அடங்கும். இரண்டரை முதல் 5 மணி நேரப் பயணத்துக்கு 3 மணி நேரம்; டெல்லியும் சிங்கப்பூரும் இந்தக் கணக்கு. அதற்கும் நீண்ட பயணம் என்றால் 4 மணி நேரம். பெரும்பாலும் கூப்பன்தான் தருவார்கள். அவர்களாக வந்து தருவது அபூர்வம்; போர்டிங் பாஸை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போய்க் கேட்க வேண்டும்.

ஒரு நிபந்தனை மலையிலிருந்து வருகிறவர்களைக் குறிப்பாகப் பாதிக்கும். பயணி குறித்த நேரத்தில் செக்-இன் செய்திருக்க வேண்டும். குன்னூரைத் தாண்டும்போது “விமானம் தாமதம்” என்று எஸ்.எம்.எஸ். வந்தது என்பதற்காக மேட்டுப்பாளையத்தில் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டால், அங்கே போய் உரிமை பேச முடியாது. நிறுவனம் புது நேரம் சொல்லியிருந்தால் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம். எது என்று தீர்மானிப்பது பயணி. இரவு 8 மணியிலிருந்து விடியற்காலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் ஓட்டல் அறையும், போய்வர வண்டியும் நிறுவனத்தின் செலவு. மற்ற விமானங்களுக்கு, தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் அறை உண்டு. நடுராத்திரியில் மலையேறித் திரும்ப முடியாத நமக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெங்களூரு விமான நிலையத்தை நம்பும் கூடலூர்க்காரர்களுக்கும்தான்; வழியில் இருக்கும் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு.

முன்னறிவிப்பில்லாமல் ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தருவதோடு இழப்பீடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000 ரூபாய், 2 மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான். டிக்கெட் எடுக்கும்போது உங்கள் போன் எண் கொடுத்திருக்க வேண்டும். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டால் இழப்பீட்டுக்கே ஆபத்து.

வானிலை, இயற்கைப் பேரிடர் போன்ற, நிறுவனத்தின் கையை மீறிய காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. எல்லாவற்றுக்கும் வானிலையைக் கைகாட்டுகிற பழக்கமும் இருப்பதால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து நீங்களே விமானத்தைத் தவறவிட்டால் இந்த விதிகள் எதுவும் கைகொடுக்காது. ஆனால் டிக்கெட் தொகை முழுக்கப் போய்விடவில்லை. பணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும் வரிகளும் விமான நிலையப் பயனாளர் கட்டணமும் திரும்ப வரவேண்டும். கேட்டால் கிடைக்கும், கேட்காதவர்களின் பணம் அங்கேயே தங்கிவிடும்.

விமான நிலையத்துக்குள் விலை குறைவாகச் சாப்பிட அரசின் ‘உடான் யாத்ரி கஃபே’ ஒரு வழி. 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் திறந்தார்கள். டீயும் தண்ணீரும் 10 ரூபாய், காபியும் சமோசாவும் 20 ரூபாய் என்று விலை வைத்தார்கள். தேயிலை விளைவிக்கிற ஊர்க்காரன் நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து டீ குடிக்கிற கொடுமை அங்கே இல்லை.

கவுண்டரில் மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். பிறகு மத்திய அரசின் ஏர்சேவா இணையதளம் அல்லது செயலி. அதிலும் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம். இதற்காகக் கோவைக்கோ டெல்லிக்கோ போக வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; நமக்கு அது உதகமண்டலத்தில் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். டிக்கெட், போர்டிங் பாஸ், எஸ்.எம்.எஸ்., உங்கள் கைக்காசில் சாப்பிட்ட பில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.