பப்பஜ்ஜா: ‘துறவு’ என்று நாம் சொல்வதன் மூலச்சொல்

புத்தரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதுவோர், அவர் சாக்கியர் மனையை விட்டு நீங்கிய நிகழ்ச்சியைப் பெரும்பாலும் ‘துறவு’ என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். அதற்கு மூலமான பாலிச் சொல் ‘பப்பஜ்ஜா’, வடமொழியில் ‘பிரவ்ரஜ்யா’. ‘வ்ரஜ்’ என்னும் வேருக்கு நடத்தல், செல்லல் என்று பொருள். அதன்முன் வரும் ‘பிர’ என்னும் ஒட்டு, முன்னோக்கியும் வெளியேயும் செல்லும் திசையைக் காட்டுகிறது. எனவே பப்பஜ்ஜா என்பதன் நேர்ப்பொருள் ‘வெளிப்பட்டுச் செல்லுதல்’ என்பதே. அவ்வாறு சென்றவர் ‘பப்பஜித’ எனப்பட்டார். ஓரிடத்தில் தங்காமல் சுற்றித் திரிந்த அக்காலத் துறவியரைக் குறித்த ‘பரிப்பாஜக’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்தது. தமிழ்ச் சமய நூல்களைப் படிப்போர் அதனைப் ‘பரிவிராசகர்’ என்ற வடிவில் அறிவர். இச்சொற்களில் எதிலும் ‘விடுதல்’ என்ற பொருள் வேரில் இல்லை. எல்லாம் நடையைக் குறித்தவை.

பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்தொகுதிகளுள் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 26ஆம் சூத்திரமான அரியபரியேசனத்தில், சாவத்தி நகரத்தில் ரம்மகர் என்ற அந்தணரின் ஆசிரமத்தில் கூடியிருந்த பிக்குகளுக்குப் புத்தர் தம் இளமைக் காலத்தைத் தாமே எடுத்துரைக்கிறார். அங்கே அவர் வீடு நீங்கிய செய்தி ஒரே வாக்கியத்தில் அடங்குகிறது. அதன் பொருள் இது: நான் இளைஞனாய், கருகருவென்ற தலைமுடியோடு, இளமை நலம் நிரம்பிய முதற்பருவத்தில் இருந்தபோதே, விருப்பமில்லாத தாயும் தந்தையும் கண்ணீர் வழியும் முகத்தோடு அழுதுகொண்டிருக்க, தலைமயிரையும் தாடியையும் மழித்து, காவியாடை உடுத்து, இல்லத்திலிருந்து இல்லமின்மைக்குப் புறப்பட்டேன்.

நள்ளிரவில் உறங்கும் மனைவியையும் பிறந்த மகனையும் ஒரு முறை பார்த்துவிட்டு, கந்தகன் என்ற குதிரையில் ஏறி, தேரோட்டி சன்னனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, எவரும் அறியாமல் நகரவாயிலைக் கடந்த இளவரசரின் கதையே நமக்குப் பழக்கமானது. அது ஜாதகக் கதைகளுக்கு முன்னுரையாக அமைந்த நிதானகதை, லலிதவிஸ்தரம், அசுவகோசரின் புத்தசரிதம் முதலிய பிற்கால நூல்களில் விரிவடைந்தது. அந்நூல்கள் இந்நிகழ்ச்சிக்குச் சூட்டிய ‘மகாபிநிஷ்கிரமணம்’ என்ற பெயரும் வேறு வேரிலிருந்து வந்தது. முதியவர், நோயாளி, பிணம், துறவி ஆகிய நான்கு காட்சிகளும் மற்றொரு பாலித் தொகுதியான தீக நிகாயத்தில் வருகின்றனவே எனலாம்; ஆயினும் அங்கே அவற்றைக் காண்பவர் பழைய காலத்துப் புத்தராகிய விபஸ்ஸி, கோதமர் அல்லர். அரியபரியேசன சூத்திரத்திலோ இரவும் இல்லை, குதிரையும் இல்லை. பெற்றோரின் கண்முன்னே, அவர்கள் அழுதுகொண்டிருக்கும்போதே, முடி மழிக்கப்படுகிறது. பெற்ற தாய் மகன் பிறந்த ஏழாம் நாளில் மறைந்ததாக மரபு கூறுவதால், அழுத தாயாக இங்கே சொல்லப்படுபவர் வளர்த்தெடுத்த சிற்றன்னை மகாபஜாபதி கோதமி என்று கொள்வது பொருந்தும். பிற்காலக் காவியங்களின் அழகை நான் குறைத்துக் கூறவில்லை. ஆனால் எவரிடமும் மறைக்காமல், அழுகையின் நடுவே எடுக்கப்பட்ட அந்த முடிவு, இரவில் நிகழ்ந்த வெளியேற்றத்தைவிடக் கடினமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த வாக்கியத்தின் இலக்கணத்தையும் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘அகாரஸ்மா அனகாரியம் பப்பஜிம்’ என்ற மூன்று சொற்களில், முதற்சொல் புறப்பட்ட இடத்தையும் இரண்டாம் சொல் சென்று சேரும் நிலையையும் காட்டுகின்றன. ‘அகாரம்’ என்பது இல்லம். ‘அனகாரியம்’ என்பது இல்லமற்ற வாழ்வு. எதை விட்டார் என்பதைவிட, எங்கிருந்து எதை நோக்கிச் சென்றார் என்பதே வாக்கியத்தின் கட்டமைப்பு. இதை ஒட்டியே அடுத்த வாக்கியம், ‘நன்மை யாதெனத் தேடி’ அவர் ஆசிரியர் ஆளார காலாமரிடம் சென்றதைச் சொல்கிறது. பின்னர் மற்றோர் ஆசிரியராகிய உத்தக ராமபுத்தரிடமும், இறுதியில் நேரஞ்சரை ஆற்றங்கரையிலுள்ள உருவேலைக்கும் அந்தத் தேடல் நீள்கிறது. சூத்திரத்தின் பெயரே ‘மேன்மையான தேடல்’ என்று பொருள்படுவது. பாலிப் பாடல் தொகுப்பான சுத்தநிபாதத்தில் பப்பஜ்ஜா என்ற பெயரிலேயே உள்ள பழைய பாடல் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: இல்வாழ்க்கை நெருக்கடியானது, தூசு சேரும் இடம்; பப்பஜ்ஜாவோ திறந்த வெளி. இதைக் கண்டே அவர் புறப்பட்டார் என்று கூறிவிட்டு, ராஜகிருகத்தில் பிச்சை ஏற்று நடந்த அந்த இளைஞரை மன்னன் பிம்பிசாரன் மாளிகையிலிருந்து கண்டு, பாண்டவ மலைக்குத் தேடிச் சென்று பேசியதையும் அப்பாடல் தொடர்ந்து விவரிக்கிறது.

தமிழ்ச் சொல்லாகிய ‘துறவு’ வேறு பக்கத்திலிருந்து வருவது. ‘துற’ என்னும் வினைக்குக் கைவிடுதல் என்பதே பொருள். யாரை அல்லது எதை என்ற கேள்வி அதனோடு எப்போதும் ஒட்டி நிற்கும். சங்க இலக்கியத்தில் இது சமயச் சொல்லாக மட்டும் வழங்கவில்லை. குறுந்தொகையின் 20ஆம் பாடலில், பொருள் தேடிப் பிரியும் தலைவனை ‘அருளும் அன்பும் நீக்கித் துணைதுறந்து’ செல்பவன் என்று தலைவி சொல்கிறாள். அங்கே விடப்பட்டவளின் நோவு சொல்லிலேயே ஒலிக்கிறது. மணிமேகலையின் பதிகம் அக்காப்பியத்தின் பொருளை ‘மணிமேகலை துறவு’ என்றே குறிப்பதால், தமிழ்ப் பௌத்தர்களும் இச்சொல்லைத் தமதாக்கிக்கொண்டனர் என்பதில் ஐயமில்லை. ஆகவே துறவு பிழையான மொழிபெயர்ப்பு அன்று, நெடுங்கால வழக்குடையது. ஆயினும் அது பின்னால் விடப்பட்டதைக் காட்டுகிறது. பப்பஜ்ஜா முன்னால் உள்ள வழியைக் காட்டுகிறது. ‘சந்நியாசம்’ என்ற சொல்லை இங்கே பயன்படுத்துவது அறவே பொருந்தாது. அது கீழே வைத்துவிடுதல் என்னும் பொருளுடையது. வைதிக நெறியில் வாழ்வின் இறுதி நிலையாகிய நான்காம் ஆசிரமத்துக்கு உரியது. புத்தர் புறப்பட்டதோ முதற்பருவத்தில்.

நேர்ப்பொருள் தரும் தமிழ்ச் சொல் வேண்டுமெனில் ‘மனைநீங்கல்’ என்பதை நான் பரிந்துரைப்பேன். திருக்குறளின் துறவு அதிகாரமே ‘யாதனின் யாதனின் நீங்கியான்’ என்று நீங்குதலைச் சொல்லித்தான் தொடங்குகிறது. ‘வெளியேற்றம்’ என்ற சொல் பிறரால் துரத்தப்படுவதையும் குறிப்பதால் தவிர்க்கத்தக்கது. ‘புறப்பாடு’ வேர்ப்பொருளில் மிக நெருங்கியது. ஆனால் பெயர்ச்சொல்லாக வரும்போது கோயில் திருவிழாவில் சுவாமி எழுந்தருளுவதையே நினைவூட்டும். வினையாக வரும்போது அந்த இடர்ப்பாடு இல்லை. ‘இல்லத்திலிருந்து இல்லமின்மைக்குப் புறப்பட்டார்’ என்பது பாலியின் அமைப்பையே தமிழில் வைத்துக்காட்டுகிறது.

பௌத்தத் துறவியர் குழுவாகிய சங்கம் அமைந்த பின்னர் இச்சொல் சடங்கின் பெயராகவும் ஆயிற்று. சங்கத்தில் முதற்படியாகச் சேர்வது பப்பஜ்ஜா. 20 வயது நிரம்பியபின் முழுநிலைப் பிக்குவாக ஏற்கப்படுவது உபசம்பதா. இந்தப் பொருளில் முதலதைத் ‘துறவேற்பு’ என்பதே சரி. சிங்களத்தில் இன்றும் வழங்கும் ‘பெவிதி’ இதன் வழிவந்ததே. துறவியர்க்கான விதிகளைத் தொகுத்த விநயபிடகத்தின் மகாவக்கம் இதனோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. கபிலவஸ்துவுக்குத் திரும்பி வந்த புத்தரிடம் ‘என் உரிமைச் செல்வத்தைத் தாரும்’ என்று மகன் ராகுலன் கேட்க, அவர் சீடர் சாரிபுத்தரை அழைத்து அவனுக்குத் துறவேற்பு அளிக்கச் செய்தார். செய்தி அறிந்து வந்த தந்தை சுத்தோதனர், தாங்கள் சென்றபோது எனக்கு உண்டான துன்பம் சிறிதன்று, தங்கள் தம்பி நந்தன் சென்றபோதும் அவ்வாறே, ராகுலன் சென்றதோ அவற்றினும் மிகுதி என்று கூறி, பிள்ளைப்பாசம் மேல்தோலை அறுக்கிறது, உள்தோலை அறுக்கிறது, தசையை, நரம்பை, எலும்பை அறுத்து எலும்பின் உள்ளீட்டில் போய் நிற்கிறது என்றார். பெற்றோர் இசைவு இல்லாத பிள்ளைக்கு இனித் துறவேற்பு அளிக்கலாகாது என்று வேண்டினார். புத்தர் அதை ஏற்று விதியாக்கினார். அரியபரியேசனத்தில் பெயரின்றி அழுத தந்தை இங்கே வாய்திறந்து பேசுகிறார். விநய நூலில் இதைவிட நெஞ்சைத் தொடும் பகுதியை நான் படித்ததில்லை.

சொல்லின் இரு பொருள்களும், புத்தரின் இறுதி நாட்களைக் கூறும் மகாபரிநிப்பான சூத்திரத்தில் ஒரே உரையாடலில் வருகின்றன. குசினாராவில் 80 வயதில் இறுதிப் படுக்கையில் கிடந்த புத்தரிடம் சுபத்தர் என்ற பரிவிராசகர் வந்து வினவுகிறார். ‘எனக்கு 29 வயதானபோது நன்மை யாதெனத் தேடிப் புறப்பட்டேன், சுபத்தரே, புறப்பட்டு 50 ஆண்டுகளுக்கு மேலாயின’ என்று அவர் விடை கூறும் இடத்தில் வருவது மனைநீங்கல். பின்னர் சீடர் ஆனந்தரை நோக்கி, சுபத்தருக்குப் பப்பஜ்ஜா அளிக்குமாறு அதே வினையின் பிறவினை வடிவில் பணிக்கும் இடத்தில் வருவது துறவேற்பு. மொழிபெயர்ப்பவர் இவ்விரண்டு இடங்களையும் ஒரே சொல்லால் எழுதாமல் பிரித்தெழுதுவது நல்லது.